கெமராவிலிருந்து கணனிக்கு: ஒரு வீடியோக் கடைக்காரனின் பாடம்

இறக்குமதி என்றால் என்னவென்று இந்தப் பக்கத்தை வாசிக்கும் சகோதரர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. கொள்கலன் துறைமுகத்துக்கு வந்துவிட்டது என்பதற்காகச் சரக்கு கைக்கு வந்துவிடாது. அதற்குரிய கடதாசிகளும் வரவேண்டும். பொதிப் பட்டியலை விட்டுவிட்டு மூட்டைகளை மட்டும் லொறியில் ஏற்றிக்கொண்டு வந்தால், எது குறைந்தது, எது எதற்குப் பின்னால் வர வேண்டியது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

வீடியோத் தொழிலிலும் ஓர் இறக்குமதி உண்டு. கெமராவில் பிடித்த படத்தைக் கணனிக்குள் கொண்டுவந்து எடிட்டிங் மென்பொருளில் சேர்ப்பதைத்தான் சொல்கிறேன். அந்தப் பொத்தானின் பெயரே இம்போர்ட்தான். கலியாண வீடியோ எடுக்கும் கடைகளில் அதிகக் கவனயீனம் நடப்பது இந்த இடத்தில்தான் என்பது எனது அனுபவம். படம் பிடிப்பதற்கு ஆயிரம் யோசனை செய்வோம். படத்தை உள்ளே இறக்கும் வேலையைக் கடைப் பையனிடம் விட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடுவோம்.

கனமூலையில் எனது வீட்டின் முன்னறைதான் எனது ஸ்டூடியோ. கலியாணம், பாடசாலை விழா, கடைத் திறப்பு விழா என்று மதுரங்குளி, புத்தளம், முந்தல் பக்கமெல்லாம் போய்ப் படம் எடுப்போம். 2010ஆம் ஆண்டில் எனது அறியாமையால் நடந்த ஒரு காரியத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பாடம் அதிலிருந்துதான் வருகிறது.

ஒரு ஹாஜியார். தேங்காய் வியாபாரி. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது மன்னார் மாவட்டத்தின் முசலிப் பக்கத்திலிருந்து புத்தளத்துக்கு வந்த குடும்பம். 2009இல் யுத்தம் முடிந்த பிறகு, அடுத்த வருடம் தனது வயதான உம்மாவை அழைத்துக்கொண்டு பழைய ஊரைப் பார்க்கப் போயிருக்கிறார். வீடு இருந்த இடத்தில் காடு. உறுதிப் பத்திரம் ஓடிவந்த நாளிலேயே தொலைந்துவிட்டது. காணியின் எல்லை தெரிந்த கடைசி ஆள் அந்த உம்மாதான். ஆகவே, சவூதியிலிருந்து மருமகன் கொண்டுவந்த புதிய கெம்கோடரில், உம்மா காணியைச் சுற்றி நடந்து எல்லை சொல்வதை நிறுத்தாமல் 21 நிமிடம் பிடித்திருந்தார்கள்.

கெமராவை எனது கையில் தந்து, "தம்பி, இத டீ.வீ.டீ. அடிச்சுத் தாங்க. பிள்ளைகள் எல்லாருக்கும் ஒவ்வொண்டு வேணும்" என்றார்.

நானும் மெமரி காட்டைத் திறந்து, உள்ளே எங்கோ ஒரு போல்டரில் கிடந்த இரண்டு கோப்புகளைக் கணனிக்கு இழுத்துப் போட்டேன். எனது மென்பொருளோ பழைய பதிப்பு, அந்தக் கோப்புகளைத் திறக்க மறுத்தது. (விலை கொடுத்து வாங்கிய மென்பொருளா என்று கேட்காதீர்கள். அந்த நாளில் எத்தனை கடைகளில் அப்படி இருந்தது என்பது நமக்கிடையில் இருக்கட்டும்.) இலவசமாகக் கிடைத்த ஒரு மாற்றியில் போட்டு இரண்டையும் தனித்தனியாக மாற்றினேன், ஒட்டினேன், டீ.வீ.டீ. அடித்தேன், காட்டை அழித்துக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் ஹாஜியார் திரும்பி வந்தார். "தம்பி, உம்மாட பேச்சு ஓரிடத்தில அறுந்து போகுதே. தெற்கெல்லை அந்தப் பெரிய, எண்டு சொல்றா. பிறகு மரம் எண்டு கேட்குது. என்ன மரமெண்டு இல்லியே."

நான் போட்டுப் பார்த்தேன். உண்மைதான். படம் ஒரு துள்ளுத் துள்ளியது, ஒரு சொல் இல்லை. "கெமராவில கோளாறு ஹாஜியார். பதிவாகயில்ல" என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் போய்விட்டார். உம்மாவிடமே கேட்டுக்கொள்ளலாமே என்று அப்போது நானும் நினைத்தேன். அவரும் நினைத்திருப்பார். வீட்டில் வைத்துக் கேட்டபோது அந்த மூதாட்டிக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை. அந்த இடத்தில் நின்றபோது வந்த ஞாபகம் அது. அதற்குப் பிறகு அவர் நீண்டகாலம் இருக்கவுமில்லை.

கெமராவில் கோளாறே இல்லை. கோளாறு எனது இறக்குமதியில்.

காட்டுக்குள் என்ன இருக்கிறது?

சோனியும் பனசொனிக்கும் சேர்ந்து 2006இல் ஏ.வி.சி.எச்.டி. என்ற முறையை அறிவித்தன. அதற்கு முன்பு, 2003இலிருந்து, எச்.டி.வி. என்ற முறை இருந்தது. அது மினி டீ.வீ. கெசட்டிலேயே உயர் தெளிவுப் படத்தைப் பதிந்தது. ஏ.வி.சி.எச்.டி. வந்ததும் கெசட் போய் மெமரி காட்டும் ஹாட் டிஸ்க்கும் வந்தன. இன்றைக்கும் நமது பக்கத்தில் பாவனையிலுள்ள பல கெம்கோடர்கள் இந்த வகைதான். செகண்ட் ஹேண்டில் வாங்கி ஓடிக்கொண்டிருப்பவையும் இவைதான்.

காட்டைத் திறந்தால் பிரைவேட் என்ற போல்டர், அதற்குள் ஏ.வி.சி.எச்.டி., அதற்குள் பி.டி.எம்.வி. என்று பெட்டிக்குள் பெட்டியாகப் போகும். கடைசியில் ஸ்ட்ரீம் என்ற போல்டருக்குள் எம்.ரி.எஸ். என்று முடியும் கோப்புகள் இருக்கும். படமும் குரலும் அவற்றில்தான் என்பதால் நமது கண் அங்கேயே போகிறது. பக்கத்தில் கிளிப்இன்ஃப், பிளேலிஸ்ட் என்று இன்னும் இரண்டு போல்டர்கள், சில கிலோபைட் அளவுச் சின்னக் கோப்புகளோடு கிடக்கும். குப்பை என்று நினைத்து விட்டுவிடுகிறோம். அவைதாம் நான் மேலே சொன்ன பொதிப் பட்டியல். எந்தக் கோப்பு எதன் தொடர்ச்சி, எங்கே ஆரம்பம், எங்கே முடிவு என்பதெல்லாம் அவற்றில் எழுதியிருக்கும்.

இது ஏன் முக்கியமென்றால், மெமரி காட்டுகளில் வழமையாகப் பாவித்த ஃபெட் 32 என்ற அமைப்பு 4 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட ஒரு கோப்பை ஏற்காது. ஆகவே நீங்கள் நிறுத்தாமல் பிடித்தாலும், கெமரா தானாகவே 2 அல்லது 4 ஜிகாபைட் வந்ததும் கோப்பை மூடி அடுத்ததைத் திறந்துவிடும். எந்த அளவு என்பது கெமராவைப் பொறுத்தது. விநாடிக்கு 17 மெகாபிட் வேகத்தில் பிடித்தால் 2 ஜிகாபைட் நிரம்ப ஏறக்குறைய 16 நிமிடம் ஆகும். ஹாஜியாருடைய 21 நிமிடப் படம் பதினாறு நிமிடமும் ஐந்து நிமிடமுமாக வெட்டுப்பட்டது இப்படித்தான்.

வெட்டினாலும் ஒட்டினால் சரிதானே என்று கேட்கலாம். துணி வெட்டுவது போலல்ல இது. இந்த வகைப் படத்தில் ஒவ்வொரு பிரேமும் முழுமையாகப் பதியப்படுவதில்லை. இடைக்கிடை ஒரு முழுப் பிரேம் இருக்கும். மற்றவற்றில், முன்னும் பின்னும் உள்ள பிரேம்களிலிருந்து என்ன மாறியது என்பது மட்டுமே இருக்கும். இரண்டாவது கோப்பைத் தனியே திறந்தால், அதன் முதல் சில பிரேம்களை விரிக்கத் தேவையான தகவல் முதற் கோப்பின் வாலில் கிடக்கும். குரலும் அப்படியே, வாலில் பாதியும் தலையில் பாதியுமாக நிற்கும். தனித்தனியாக மாற்றும் மென்பொருள் இரண்டு பாதியையும் வீசிவிடும். போவது அரை விநாடிதான். ஒரு சொல்லுக்கு அது போதும்.

எப்படி இறக்குவது?

முதலாவது, கோப்பை இழுக்காதீர்கள். காட்டில் உள்ள முழுவதையும், மேலேயுள்ள பிரைவேட் போல்டரிலிருந்து, அப்படியே கொப்பி செய்யுங்கள். ஒவ்வொரு காட்டுக்கும் ஹாட் டிஸ்க்கில் தனியாக ஒரு போல்டர் வையுங்கள். பெயரில் திகதி, வீட்டுக்காரரின் பெயர், காட் இலக்கம் மூன்றும் இருக்கட்டும். எல்லாக் காட்டிலும் முதற் கோப்பின் இலக்கம் 00000 என்றே இருக்கலாம். இரண்டு காட்டை ஒரே போல்டரில் கொட்டினால் ஒன்று மற்றொன்றை மூடிவிடும். கணனி "மாற்றவா?" என்று கேட்கும்போது ஆம் என்று அழுத்திவிட்டு ஒரு நிகாஹ் மஜ்லிஸையே இழந்த கடையை எனக்குத் தெரியும். பெயர் வேண்டாம்.

இரண்டாவது, கொப்பி முடிந்ததும் காட்டிலுள்ள போல்டரின் பைட் அளவையும் கோப்புகளின் எண்ணிக்கையையும் கணனியிலுள்ளதோடு ஒப்பிடுங்கள். வலது பொத்தானை அழுத்தி ப்ரொப்பர்ட்டீஸ் பார்த்தால் போதும், அரை நிமிட வேலை. டெராகொப்பி போன்ற மென்பொருள் இதைவிட ஒரு படி மேலே போய், கொப்பியான ஒவ்வொரு கோப்பையும் மீண்டும் வாசித்துச் சரிபார்க்கும். 2022இல் ஒரு நாளைக்குப் பல மணி நேரம் மின்சாரம் போன காலத்தில், கொப்பி நடந்துகொண்டிருக்கும்போதே மின்சாரம் போய் அரைகுறையாக நின்ற கோப்புகளை நான் இப்படித்தான் கண்டுபிடித்தேன். அதற்குப் பிறகுதான் யூ.பி.எஸ். வாங்கினேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

மூன்றாவது, இன்னொரு ஹாட் டிஸ்க்கில் இரண்டாவது கொப்பி எடுத்த பிறகே காட்டை அழியுங்கள். இரண்டு டிஸ்க்கும் ஒரே மேசையில் இருக்க வேண்டாம். எனது இரண்டாவது டிஸ்க் மச்சான் வீட்டில் இருக்கிறது.

அடுத்து எடிட்டிங் மென்பொருள். அடோபி பிரிமியர், 2008இல் வந்த சி.எஸ். 4 பதிப்பிலிருந்து ஏ.வி.சி.எச்.டி. கோப்புகளை நேரடியாகத் திறக்கிறது. ஆனால் பைல் மெனுவில் உள்ள இம்போர்ட்டால் எம்.ரி.எஸ். கோப்பை எடுத்தால் பழைய துள்ளல் பிரச்சினைதான். மீடியா பிரவுசர் என்ற பகுதிக்குள் போய் அந்த முழுப் போல்டரைக் காட்டுங்கள். அது பொதிப் பட்டியலை வாசித்து, வெட்டுப்பட்டவற்றைச் சேர்த்து ஒரே படமாகத் தரும். கெமராவோடு வந்த மென்பொருள்களும் இந்தச் சேர்க்கையைச் செய்யும். நாமோ அந்த சீ.டீ.யைப் பெட்டியோடு சேர்த்து வீசிவிடுகிறோம். மெக் கணனியில் அந்தப் போல்டர் முழுவதும் ஒரே சின்னமாகத் தெரியும். அதை உடைத்துத் திறந்து உள்ளே இருப்பதை வெளியே இழுக்காமல் அப்படியே கொடுத்துவிட வேண்டும்.

படம் வருகிறது, குரல் வரவில்லை என்று என்னிடம் வரும் தம்பிமார் அதிகம். ஏ.வி.சி.எச்.டி.யில் குரல் பெரும்பாலும் டொல்பி ஏ.சி. 3 என்ற முறையில் இருக்கும். சில மென்பொருள்களுக்கு அதை வாசிக்கும் உரிமம் இல்லை. எஃப்.எஃப்.எம்பெக் என்ற இலவசக் கருவியால் படத்தைத் தொடாமல் குரலை மட்டும் வேவ் முறைக்கு மாற்றிக்கொள்ளலாம். படத்தைத் திரும்பச் சுருக்காததால் தரம் ஒரு துளியும் குறையாது, நேரமும் அதிகம் போகாது. கண்ட கண்ட மாற்றிகளில் படத்தையும் சேர்த்து மாற்றினால் தரம் போகும், நேரமும் போகும்.

வேகமும் இடமும்

பழைய கணனிகளில் இந்தப் படம் திக்கித் திக்கித்தான் ஓடும். காரணம் மேலே சொன்னதுதான். ஒரு பிரேமைக் காட்ட, கணனி அக்கம்பக்கத்துப் பிரேம்களையெல்லாம் விரிக்க வேண்டும். இதற்கு ஒரு வழி, எடிட்டிங்குக்கு ஏற்ற இடைநிலை முறைக்கு மாற்றுவது. அவிட் நிறுவனத்தின் டி.என்.எக்ஸ்.எச்.டி., அப்பிளின் புரோரெஸ் என்பன அப்படியானவை. படம் வெண்ணெய் போல ஓடும். ஆனால் விலையைக் கேளுங்கள்: விநாடிக்கு 24 மெகாபிட்டில் பிடித்த நான்கு மணி நேரக் கலியாணம் காட்டில் ஏறத்தாழ 43 ஜிகாபைட். அதையே 120 மெகாபிட் டி.என்.எக்ஸ்.எச்.டி.க்கு மாற்றினால் 216 ஜிகாபைட். மாதத்தில் ஆறு கலியாணம் எடுப்பவர் ஹாட் டிஸ்க் வாங்கியே இலாபத்தைத் தீர்த்துவிடுவார்.

எனது அபிப்பிராயத்தில் சின்னக் கடைக்கு ஏற்றது புரொக்ஸி முறை. மென்பொருளே படத்தின் சிறிய பிரதியொன்றைச் செய்து தரும். நீங்கள் அந்தப் பிரதியில் வெட்டி ஒட்டுங்கள். முடிவில் வெளியே எடுக்கும்போது அது அசலைப் பாவித்துக்கொள்ளும். பிரிமியரில் இந்த வசதி 2016இல் வந்தது. பிளக்மேஜிக் நிறுவனத்தின் டாவின்சி ரிசொல்வ் மென்பொருளிலும் இது உண்டு. அதன் இலவசப் பதிப்பே கலியாண வேலைக்குத் தாராளமாகப் போதும். காசு கொடுக்காமலும் திருடாமலும் தொழில் செய்ய இன்று வழி இருக்கிறது. 2010இல் எனக்கு இருக்கவில்லை.

கெமரா வாங்குவோருக்கு ஒரு வார்த்தை. ஜப்பானிலிருந்து மலிவாக வருகிறதென்று எடுத்துவிடாதீர்கள். அங்கு விற்கும் கெமரா விநாடிக்கு ஏறத்தாழ 60 என்ற கணக்கில் பிடிக்கும். நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். மண்டபத்து டியூப் லைட்டின் கீழே படம் மினுங்கும். போதாததற்கு மற்றக் கெமரா 50இல் பிடித்திருந்தால் இரண்டையும் ஒரே டைம்லைனில் சேர்க்கும்போது அசைவு இழுபடும். வளைகுடாவிலிருந்து வருவது பெரும்பாலும் நமக்கு ஒத்துவரும்.

கைத்தொலைபேசியில் பிடித்துத் தருவோரும் இப்போது அதிகம். வட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பியதை வாங்காதீர்கள், அது சுருக்கப்பட்டது. டொக்கியுமெண்ட் ஆக அனுப்பச் சொல்லுங்கள், அல்லது கேபிளில் எடுங்கள். தொலைபேசிப் படத்தில் பிரேம் வேகம் கூடிக் குறைவதால் நீண்ட பேச்சில் குரல் உதட்டோடு சேராமல் விலகிப்போகும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் நிலையான வேகத்துக்கு மாற்றிவிட்டு உள்ளே எடுத்தால் சரியாகும்.

பெண்கள் பகுதியின் படம் பற்றியும் சொல்ல வேண்டும். இறக்குமதி சரியாகச் செய்யும்போது மூன்று நான்கு பிரதிகள் உண்டாகின்றன: காட், முதல் டிஸ்க், இரண்டாவது டிஸ்க், புரொக்ஸி. ஒரு வீட்டாரின் அமானிதம் நான்கு இடத்தில் கிடக்கிறது. எது எங்கே என்று ஒரு கொப்பியில் எழுதி வைத்தால்தான் வீட்டார் அழிக்கச் சொல்லும் நாளில் நான்கையும் அழிக்க முடியும். மாற்றியவுடன் புரொக்ஸி எங்கே போய் உட்கார்ந்தது என்று தெரியாத கடைக்காரர், கணனியைத் திருத்தக் கொடுக்கும்போது அதையும் சேர்த்துத்தான் கொடுக்கிறார்.

பாலை மரம்

2016இல் எனது பழைய டீ.வீ.டீ.களைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஹாஜியாரின் அந்த இரண்டு எம்.ரி.எஸ். கோப்புகளையும் ஒரு டீ.வீ.டீ.யில் எழுதி வைத்திருப்பது கண்ணில் பட்டது. போல்டர் இல்லை, பட்டியல் இல்லை, இரண்டு மூட்டை மட்டும். ஆனால் அதற்குள் ஒரு விஷயம் கற்றிருந்தேன். கெமரா கோப்பை மூடித் திறக்கும்போது நடுவில் எதையும் விடுவதில்லை. ஒரே கயிற்றை வெட்டி இரண்டு பெட்டியில் வைப்பது போலத்தான். முதற் கோப்பின் வாலோடு இரண்டாவதன் தலையை, ஒன்றையும் மாற்றாமல் பைட்டுக்குப் பைட் பொருத்தினால் கயிறு முழுதாகிவிடும்.

விண்டோஸில் கமாண்ட் புரொம்ப்ட் என்ற கறுப்புத் திரையைத் திறந்து, கொப்பி என்ற கட்டளையோடு சாய்கோடும் பி என்ற எழுத்தும் சேர்த்து, முதற் கோப்பின் பெயர், கூட்டல் குறி, இரண்டாவதன் பெயர், கடைசியில் ஒரு புதுப் பெயர் கொடுத்தால் வேலை முடிந்தது. எது எதன் தொடர்ச்சி என்று அளவைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். முழு 2 அல்லது 4 ஜிகாபைட்டில் நிற்கும் கோப்புக்கு அடுத்த இலக்கம் பெரும்பாலும் அதன் தொடர்ச்சி. சேர்ந்து 4 ஜிகாபைட்டுக்கு மேல் போகுமானால் ஃபெட் 32 பென் டிரைவில் எழுத முயலாதீர்கள், ஏறாது.

சேர்த்த கோப்பைப் போட்டு 16ஆம் நிமிடத்துக்குப் போனேன். துள்ளல் இல்லை. அந்த மூதாட்டி கையை நீட்டி, "தெற்கெல்லை அந்தப் பெரிய பாலை மரம்" என்கிறார். அவ்வளவுதான்.

ஹாஜியாரின் கடைக்கு நேரே போனேன். கெமராவில் கோளாறென்று நான் சொன்னது சரியல்ல, பிழை என்னுடையதுதான் என்று சொல்லிவிட்டு மடிக்கணனியைத் திறந்து காட்டினேன். மூன்று தடவை போடச் சொன்னார். பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். அந்த இடத்தில் இப்போது நிற்பது ஒரு புளிய மரம். உம்மா சொன்னது அதைத்தான் என்று எடுத்துக்கொண்டு, ஆறு வருடமாகப் புளிய மரத்தோடு வேலியை நிறுத்தியிருக்கிறார்கள். அதற்கு அப்பால், தெற்கே ஒரு பெரிய மரத்தின் அடிக்கட்டை இருப்பதை அவர் கண்டிருக்கிறார், என்ன மரமென்று பார்க்கவில்லை. அந்த இடத்திலேயே முசலியிலிருந்த தம்பிக்குத் தொலைபேசி எடுத்தார். வீடியோவை வைத்துக் காணி எழுத முடியாதென்பது அவருக்கும் தெரியும். ஆனால் பக்கத்துக் காணிக்காரரின் வீட்டிலும் ஒரு வயதானவர் இருந்தார், அவரிடம் சரியான கேள்வியைக் கேட்க அந்தச் சொல் உதவியது.

காசு தருவதாகச் சொன்னார். வாங்கவில்லை. அவருடைய மகளின் கலியாண வேலை அடுத்த வருடம் எனக்கு வந்தது.

அலுமாரியில் கிடக்கும் கெசட்டுகள்

எச்.டி.வி. கெசட்டுகள் இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன. அவற்றை இறக்குவது வேறு கதை. இழுத்துப் போட முடியாது, ஃபயர்வயர் கேபிள் வழியாக ஓடவிட்டுத்தான் எடுக்க வேண்டும். 60 நிமிடக் கெசட்டுக்கு 60 நிமிடம். கணனியில் ஏறத்தாழ 11 ஜிகாபைட் பிடிக்கும். கேபிளைப் பொருத்த முன்பே கெமராவின் மெனுவில் வீ.சீ.ஆர். என்ற இடத்தை எச்.டி.வி.க்கு வையுங்கள். டீ.வீ.க்கு மாற்றும் ஐ.லிங்க் கன்வர்ஷன் நிறுத்தியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் உயர் தெளிவுப் படம் சாதாரண டீ.வீ.யாகத்தான் வந்து சேரும். எச்.டி.வி. ஸ்ப்ளிட் என்ற பழைய இலவச மென்பொருள் இதற்கு இன்றும் நல்லது, காட்சி காட்சியாகப் பிரித்தும் தரும். நாடாவில் ஒரு சின்னக் கீறல் இருந்தால் சாதாரண டீ.வீ.யில் ஒரு பிரேமில் சில சதுரங்கள்தான் கெடும். எச்.டி.வி.யில் பிரேம்கள் பன்னிரண்டு பன்னிரண்டாகக் கட்டப்பட்டிருப்பதால் அரை விநாடி முழுவதும் போய்விடும். ஹெட்டைச் சுத்தம் செய்துவிட்டு இரண்டு தடவை எடுத்தால், முதல் தடவை விழுந்தது இரண்டாவதில் கிடைப்பதுண்டு.

கெசட்டைவிடக் கெமராவும் துவாரமும்தான் இப்போது அரிது. 2025இல் வந்த மெக் இயங்குதளத்தில் ஃபயர்வயர் ஆதரவையே எடுத்துவிட்டார்கள். புதிய விண்டோஸ் கணனிகளிலும் அந்தத் துவாரம் இல்லை, தனியாக ஒரு காட் பொருத்த வேண்டும். ஆகவே பழைய கணனியொன்றை இரும்புக்கு விற்க முன் பின்பக்கத்தைப் பாருங்கள். என்னிடமுள்ளது இன்னும் ஓடுகிறது. புத்தளத்துக் கடைக்காரர்களும் கெசட்டுகளைப் பையில் கட்டிக்கொண்டு கனமூலைக்கு வருகிறார்கள். அது நின்றுபோனால் போட இரண்டாவதாக ஒன்று தேடிக்கொண்டிருக்கிறேன்.